பங்குக் காணி: உரித்தாளிகள் அறிய வேண்டியவை

இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய குடும்பங்களில் காணிப் பிணக்குகள் பெரும்பாலும் உடன்பிறந்தோருக்குள்ளேயே எழுகின்றன. பெற்றோர் காலமாகியிருப்பார்கள். ஒருவர் ஊரில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில் இருப்பார். ஆனால் உறுதி இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கும்.

பிரிபடாத பங்கு என்றால் என்ன?

எட்டுப் பரப்பு வளவு நான்கு பிள்ளைகளுக்குச் சேர்ந்தால், ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு உண்டு. எனினும் "வடக்குப் பக்கத்து இரண்டு பரப்பு என்னுடையது" என்று எவரும் தனித்து உரிமை கோர முடியாது. வளவின் ஒவ்வொரு அங்குலத்திலும் நால்வருக்கும் பங்கு உண்டு. விளைச்சலும் வாடகையும் பங்கின்படியே சேரும்.

தன் பங்கை விற்கலாமா?

விற்கலாம், நன்கொடையாக எழுதலாம், ஈடு வைக்கலாம். இதற்கு மற்றவர்களின் சம்மதம் தேவையில்லை. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட காணியை வெளியாருக்கு விற்பதாயின், 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டப்படி உடன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கவேண்டும்.

ஊரில் இருப்பவருக்கே காணி சொந்தமாகிவிடுமா?

இதுவே புலம்பெயர்ந்தோரின் பெரிய அச்சம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பத்து ஆண்டுகள் எதிரிடையாக ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம். ஆனால் பங்காளிகளுக்கிடையே இது எளிதல்ல. ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியாகவே கொள்ளப்படும் என்று 1911இல் கொரியா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. காணியில் குடியிருந்ததும் வரி கட்டியதும் மட்டும் போதாது. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்திருக்கவேண்டும். ஆயினும் மிக நீண்டகாலத் தனி ஆட்சியை வேறு சூழ்நிலைகளுடன் சேர்த்துப் பார்த்து, அத்தகைய மறுப்பு நடந்ததாக நீதிமன்றம் ஊகிக்கவும் கூடும். ஆகவே தூரத்தில் இருப்போர் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

பங்காளி அல்லாத ஒருவர் காணியைப் பிடித்திருந்தால் நிலைமை வேறு. போரினால் உரிமை கோர முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. அச்சட்டத்தில் காலவரையறை இருப்பதால், உங்கள் விடயத்துக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறியுங்கள்.

பிரிப்பது எப்படி?

எல்லோரும் உடன்பட்டால், நில அளவையாளரின் வரைபடத்துடன் நொத்தாரிசு முன் பிரிவினை உறுதி எழுதலாம். வெளிநாட்டில் உள்ளவர் அற்றோணித் தத்துவம் மூலம் ஒப்பமிடச் செய்யலாம். உடன்பாடு இல்லையேல், எந்தவொரு பங்காளியும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கிடல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். இறுதித் தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்பதால், அழைப்பாணை வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள்

தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதைப் பெற முடியாத நிலையில் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடலாம். மரணச் சான்றிதழ் பெற மனம் ஒப்பாதவர்களுக்கு, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு வழி செய்துள்ளது.

உறுதி தொலைந்திருந்தாலும் உரிமை தொலைவதில்லை. காணிப் பதிவகத்தில் பதிவேட்டின் பிரதியை எடுப்பதே முதல் வேலை. உடன்பிறந்தோர் உயிருடன் இருக்கும்போதே பேசித் தீர்ப்பது நல்லது. அடுத்த தலைமுறையில் நான்கு பங்கு இருபதாகிவிடும்.