எடையே இல்லாத இடத்தில் எண்ணெய் சுழல்வது எப்படி? விண்வெளியில் நடந்த 'திரவப் பாலம்' சோதனை

அடுப்பில் தண்ணீர் வைத்தால், அடியில் சூடான நீர் லேசாகி மேலே வரும். மேலே உள்ள குளிர்ந்த நீர் கீழே இறங்கும். இதற்குக் காரணம் ஈர்ப்பு விசை. அப்படின்னா, எடையே தெரியாத விண்வெளியில் திரவம் அசையாமல் நிற்கணும்தானே?

நிற்காது. அங்கே வேறொரு விசை வேலையைக் காட்டும். அதுதான் பரப்பு இழுவிசை.

சூடு ஏறினால் திரவத்தின் பரப்பு இழுவிசை குறையும். குளிர்ந்த பக்கம் பலமாக இழுக்க, மேற்பரப்பு சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு நகரும். பிறகு உள்பக்கமாகத் திரும்பி வரும். 19-ம் நூற்றாண்டு இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மரங்கோனியின் பெயரால் இது 'மரங்கோனி ஓட்டம்' எனப்படுகிறது. பூமியிலும் இது உண்டு. ஆனால் சூடான திரவம் மேலே எழும் ஓட்டத்தோடு கலந்துவிடுவதால் தனியாகப் பார்ப்பது கஷ்டம்.

அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள ஜப்பானின் 'கிபோ' ஆய்வகத்தில் 2008-ல் ஒரு சோதனை தொடங்கியது. இரண்டு வட்டத் தட்டுகளுக்கு நடுவே சிலிகோன் எண்ணெயைத் தூண் மாதிரி நிறுத்தினார்கள். ஒரு தட்டைச் சூடாக்கி, இன்னொன்றைக் குளிர்வித்தார்கள். பூமியில் இந்தத் தூண் சில மில்லிமீட்டர் உயரம் போனாலே சரிந்துவிடும். அங்கே 3 செ.மீ. விட்டமுள்ள தட்டுகளுக்கு இடையே 6 செ.மீ. நீளம் வரை நின்றது! ஆள் நடமாடும் அதிர்வுகூட அதைக் கெடுத்துவிடும் என்பதால், வீரர்கள் தூங்கும் நேரத்தில் தரையிலிருந்தே சோதனையை இயக்கினார்கள். எண்ணெயில் கலந்த நுண்துகள்கள் எப்படி ஓடுகின்றன என்பதை கேமராக்கள் படம் பிடித்தன.

ஆய்வாளர்கள் தேடியது ஓட்டத்தை அல்ல, அது தடுமாறும் தருணத்தை. தட்டுகளுக்கு இடையே வெப்ப வித்தியாசம் குறைவாக இருக்கும்வரை ஓட்டம் சீராக இருக்கும். ஒரு எல்லையைத் தாண்டியதும் அலையலையாக ஊசலாட ஆரம்பிக்கும். இன்னும் சூடேற்றினால் ஒழுங்கே இல்லாத கொந்தளிப்புதான். அந்த எல்லை எங்கே வரும் என்பது தூணின் அளவு, வடிவத்தைப் பொறுத்து மாறும்.

இதைத் தெரிஞ்சு நமக்கென்ன? சிப் தயாரிப்புக்கு மிகத் தூய்மையான சிலிக்கான் படிகம் வளர்க்கும் ஒரு முறையில், சிலிக்கான் கம்பியின் ஒரு பகுதியை மட்டும் உருக்குவார்கள். மேலும் கீழும் திட சிலிக்கான், நடுவில் உருகிய சிலிக்கான். அதுவும் ஒரு திரவப் பாலமே! அங்கே ஓட்டம் ஊசலாடினால், படிகத்தில் சேர்க்கும் பொருட்கள் சமமாகப் பரவாமல் வரிவரியாகப் படியும். விண்வெளிக்கு எடுத்துப் போனாலே குறையில்லாத படிகம் கிடைத்துவிடும் என்று நினைக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.