சிதறிய தாவர ஏடுகளும் ஒருமித்த தேடலும்

1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இலங்கையிற் பணியாற்றிய போல் ஹேர்மன், இத்தீவின் தாவரங்களைத் திரட்டி, உலர்த்தி, ஏடுகளில் ஒட்டினார். 1695இல் அவர் மறைந்தபின் அச்சேகரம் பல கைகளுக்கு மாறியது. அதன் ஒரு பகுதி கோப்பன்கேகன் நகரை அடைந்தது. அதனை இரவலாகப் பெற்று ஆராய்ந்த லின்னேயஸ், 1747இல் ‘புளோரா சைலானிக்கா’ என்னும் நூலை வெளியிட்டார். அவ்வேடுகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன; ஹேர்மனின் வேறு தொகுதிகள் லைடன், பாரிஸ் ஆகிய நகரங்களில் உள்ளன. இலங்கைத் தாவரமொன்றுக்கு எம்மாதிரியைக் கொண்டு பெயரிடப்பட்டது என்பதை நேரிற் கண்டறிய விரும்பிய இந்நாட்டு ஆய்வாளர் கடல் கடக்க வேண்டியவராயினர்.

இந்நிலை ஹேர்மனின் சேகரத்துக்கு மட்டும் உரியதன்று. உலகில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட உலர்தாவர நிலையங்களில் ஏறக்குறைய 40 கோடி மாதிரிகள் பேணப்படுகின்றன. ஒரே செடியிலிருந்து பறித்த கிளைகளைப் பல நிலையங்களுக்குப் பகிர்ந்தளிப்பது சேகரிப்போர் வழக்கமாதலால், ஒரு தாவரத்தின் வரலாறே பல நாடுகளிற் சிதறிக் கிடக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலையங்கள் தம் மாதிரிச் சீட்டுகளைக் கணனியிற் பதியத் தொடங்கியபோதும் இச்சிதறல் நீங்கவில்லை. ஒவ்வொரு நிலையமும் தனக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டமையே இதற்குக் காரணமாகும்.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்பீசீஸ் அனலிஸ்ட்’ என்னும் முறைமை, நூலகப் பட்டியல்களைத் தேடுவதற்கென அமைந்த நெறிமுறையைத் துணைக்கொண்டு, ஒரே வினாவைப் பல நிலையங்களுக்கு அனுப்பிற்று. வரும் விடைகள் ஒப்பிடத்தக்கனவாக அமைவதற்குத் தாவரப் பெயர், சேகரித்தவர், இடம், நாள் என்பவற்றைக் குறிக்கும் பொதுச் சொற்றொகுதியொன்று தேவைப்பட்டது. இத்தேவையிலிருந்து பிறந்த ‘டார்வின் கோர்’ 2009இல் நியமமாக ஏற்கப்பட்டது. இதற்கிடையில், 2001இல், நாடுகள் பல இணைந்து உலக உயிர்ப்பல்வகைமைத் தகவல் அமைப்பை நிறுவின. அதன் செயலகம் கோப்பன்கேகனில் அமைந்தது.

வினா எழுந்தோறும் நிலையங்கள் அனைத்தையும் வினவும் முறையில், ஒரு கணனி தாமதிப்பினும் விடை குறைபட்டது. ஆதலின், பதிவுகளின் படிகளை முன்னரே திரட்டி மைய அட்டவணையொன்றில் வைத்துத் தேடும் முறை மேலோங்கிற்று. மூலப்பதிவும் அதனைத் திருத்தும் பொறுப்பும் அவ்வந்நிலையத்தின்பாலே எஞ்சின.

எனினும், ஒருமித்த தேடல் பதிவானவற்றையே காட்டவல்லது. உலகின் மாதிரிகளுட் பல இன்னும் கணனியை அடையவில்லை. அடைந்தவற்றிலும் இத்தீவு ஓரிடத்திற் ‘சைலானிக்கா’வாகவும், வேறோரிடத்திற் ‘சிலோன்’ ஆகவும், பிறிதோரிடத்தில் ‘ஸ்ரீலங்கா’வாகவும் நிற்கின்றது. இவை யாவும் ஒரே நிலத்தைச் சுட்டுவன என்பதை அறிந்து இணைப்போர் இல்லையெனின், இங்கு முளைத்த செடி இந்நாட்டவர் தேடலுக்கே அகப்படாது போகும். ஹேர்மனின் ஏடுகள் இலங்கைக்குத் திரும்பவில்லை. அவற்றிலுள்ள அறிவு திரும்புவதற்கு வழி திறந்துள்ளது. பழைய சீட்டுகளின் கையெழுத்தையும் ஊர்ப்பெயரையும் இனங்காணவல்ல ஆய்வாளர் இந்நாட்டில் உருவாகும் அளவுக்கே அவ்வழி பயன்தரும்.