எலுமிச்சை மணக்கும் பிஸ்கோத்தின் பூர்வ கதை

1796-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 47 பக்கங்களே கொண்ட ஒரு சமையல் நூல் அச்சாகி வெளிவந்தது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே பதிப்பிக்கப்பட்ட முதல் சமையல் நூல் என்று சரித்திரக்காரர்கள் கொண்டாடும் அந்தச் சிறு புத்தகத்தின் ஆசிரியை அமீலியா சிம்மன்ஸ், முகப்பில் தம்மை ஓர் அநாதை என்று குறித்துக்கொண்டதற்குமேல் தம்மைப் பற்றி அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் செய்யும் குக்கி என்னும் இனிப்புப் பிஸ்கோத்தைப் பற்றி மட்டும் அளவு பிசகாமல் சொல்லியிருக்கிறார். மூன்று பவுண்டு மாவு, ஒரு பவுண்டு வெண்ணெய், ஒன்றரைப் பவுண்டு சர்க்கரை, ஒரு தேநீர்க் கோப்பை நிறையப் பொடித்த கொத்தமல்லி விதை. இவற்றைப் பாலில் கரைத்த ஒரு வெள்ளை உப்புடன் சேர்த்துப் பிசைந்து, கால் மணி அல்லது இருபது நிமிஷ நேரம் நிதானமான சூட்டில் சுட வேண்டும். எடுத்தவுடன் கடினமாகவும் வறட்சியாகவும்தான் இருக்கும். கவலைப்பட வேண்டாம், மண்பானையில் இட்டு நிலவறையிலோ ஈரமான அறையிலோ வைத்துவிட்டால் ஆறு மாதத்தில் மிருதுவாகிவிடும் என்று அந்த அம்மாள் தைரியம் சொல்கிறார்.

கொத்தமல்லி விதை போட்ட இனிப்பைக் கண்டு நம்மவர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். நமக்கு ரசத்துக்கும் சாம்பாருக்கும் உரியது அங்கே பண்டிகைப் பலகாரத்துக்கு வாசனையாக நின்றது. எலுமிச்சையும் ஆரஞ்சும் அந்தப் புத்தகத்தில் இல்லாமற் போகவில்லை. அவை கப்பலில் வந்திறங்கும் அருமையான பழங்களாகையால் புட்டிங் முதலிய விருந்துப் பதார்த்தங்களுக்கு மாத்திரம் எடுத்தாளப்பட்டன. இன்று அமெரிக்க வீடுகளில் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் வெந்து, எடுத்த கணத்திலேயே பஞ்சுபோல் அமுங்கி, வாயில் வைக்குமுன்பே மூக்கை எட்டும் எலுமிச்சைக் குக்கிக்கும், ஆறு மாதம் நிலவறையில் தவங்கிடந்த அந்தப் பிஸ்கோத்துக்கும் இடையே கடந்த தூரம் சாமானியமானதன்று. மிருதுத்தன்மை, பரிமளம் என்ற இரண்டு குணங்களும் ஒரே பாதையில் வந்து சேரவில்லை. முன்னதை ரசாயன சாஸ்திரிகள் தேடிக் கொடுத்தார்கள். பின்னதை வியாபாரிகள் எத்தனையோ உருவத்தில் புட்டியில் அடைத்து விற்றுப் பார்த்தும், அது கடைசிவரை வீட்டுப் பெண்களின் கைவேலையாகவே நின்றது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அந்த வெள்ளை உப்பைக் கவனிப்போம். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் காட்டை வெட்டி எரித்து நிலம் திருத்தியபோது மலை மலையாகச் சாம்பல் மிஞ்சிற்று. அடியில் துளையிட்ட மரப்பீப்பாய்களில் அதை நிரப்பி மேலே தண்ணீர் விட்டால், பழுப்பு நிறமான காரநீர் கீழே சொட்டும்; அதை இரும்புக் கொப்பரையில் வற்றக் காய்ச்சினால் கறுத்த உப்பு மிஞ்சும்; அந்த உப்பை மறுபடியும் சூளையில் இட்டுச் சுட்டால் அழுக்கெல்லாம் எரிந்து வெண்மையாகிவிடும். நம் வீடுகளில் அப்பளத்துக்கு இடும் காரத்துக்கு இது நெருங்கிய உறவு. கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் இன்றியமையாத பொருளானபடியால் இங்கிலாந்து வரையில் கப்பலேறிற்று. பயிர் விளையுமுன்பே குடியானவன் கையில் ரொக்கத்தைக் கொடுத்தது. அமெரிக்க அரசாங்கம் வழங்கிய முதல் காப்புரிமைப் பத்திரமே, 1790 ஜூலை 31-ஆம் தேதி, இந்தச் சாம்பல் உப்பைச் செய்யும் புதிய முறைக்காகச் சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்டு அளித்ததுதான் என்றால் அதன் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். அதுவரை மாவை உப்பச் செய்வதற்கு ஈஸ்டைப் புளிக்கவைக்க வேண்டும். அல்லது முட்டையை மணிக்கணக்கில் கை ஓயும்வரை அடிக்க வேண்டும். சாம்பல் உப்போ, புளித்த பாலையோ வெல்லப்பாகையோ கண்டவுடன் பொங்கி வாயுவை வெளிவிட்டது. அச்சான சமையல் நூல்களில் அந்த உபாயத்தை முதன்முதலில் சொன்னவை சிம்மன்ஸின் பக்கங்களே.

ஆனால் அதில் ஒரு தோஷம் இருந்தது. காரமும் கொழுப்பும் கூடினால் விளைவது சவர்க்காரம். ஆகையால் வெண்ணெய் மிகுந்த மாவில் உப்பு ஒரு சிட்டிகை கூடிவிட்டாலும் நாக்கில் சவர்க்கார ருசி தட்டிற்று. அந்தத் தோஷத்தைத் தணித்தது நாம் ஆப்ப சோடா என்று அழைக்கும் பொருள். பிரான்சில் லெப்ளாங் என்னும் வைத்தியர் 1791-இல் சாதாரண உப்பிலிருந்து சோடாவைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காலக்கிரமத்தில் சோடா மலிந்தது. 1846-இல் ஜான் ட்வைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் அமெரிக்காவில் அதைக் காகிதப் பைகளில் அடைத்து வீடுதோறும் விற்கும் வியாபாரத்தைத் தொடங்கினார்கள்.

சோடா தனியே வேலை செய்யாது. அதற்குப் புளிப்பு வேண்டும். புளித்த பாலோ இன்று ஒரு விதம், நாளை ஒரு விதம். திராட்சை மதுப் பீப்பாய்களின் உட்புறத்தில் படியும் டார்ட்டார் உப்பு நம்பகமானது. ஆனால் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும், விலையும் அதிகம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ஆல்ஃபிரட் பேர்டு, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843-இல் சோடாவையும் புளிப்பு உப்பையும் கலந்து ஒரே பொடியாக்கினார். ஹார்வர்டு சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியராக இருந்த ஈபன் ஹார்ஸ்ஃபோர்டு, எலும்பிலிருந்து கிடைத்த பாஸ்பேட் உப்பைக்கொண்டு அதே காரியத்தைச் சாதித்து 1856-இல் காப்புரிமை பெற்றார். பேக்கிங் பவுடர் என்று இன்று கடைகளில் கிடைப்பது இவர்களுடைய வழிவந்ததே.

எலுமிச்சைச் சாறு இந்தப் புளிப்பு வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தாலும், விசேஷம் மிகுந்தது. அதில் 100-க்கு 5 அல்லது 6 பங்கு சிட்ரிக் அமிலம் உண்டு. சோடாவின்மேல் விழுந்தால் உடனே நுரைக்கும். அதோடு, புளிப்பேறிய மாவில் முட்டையும் கோதுமையின் புரதமும் சீக்கிரம் கெட்டிப்பட்டுவிடுவதால், தட்டில் வைத்த உருண்டை அப்பம்போல் பரவி ஓடாமல் மேடாகவே நின்று வேகிறது, செம்மையேறுவதும் குறைகிறது. எலுமிச்சைக் குக்கி வெளுத்தும் கொழுத்தும் இருப்பதன் ரகசியம் இதுதான். எனினும் சோடாவோடு கலந்து நுரைத்த சாறு தன் புளிப்பை அங்கேயே இழந்துவிடுகிறது. வாசனையோ சாற்றில் இருப்பதே சொற்பம். சாறு மென்மைக்கு உதவுமேயன்றி மணத்துக்கு உதவாது என்பதை அனுபவசாலிகளான பெண்கள் அமிலம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அறிந்திருந்தார்கள்.

அடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பழைய செங்கல் அடுப்புக்குள் விறகை எரித்து, தணலை வாரிவிட்டு, அந்தச் சூட்டிலே முதலில் ரொட்டி, பிறகு பணியாரம், சூடு தணிந்தபின் குக்கி என்று வரிசையாகச் சுட்டார்கள். கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும்வரை பொறுக்க முடிகிறது என்பதே உஷ்ணமானி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வார்ப்பிரும்பு அடுப்புகள் வீடுகளில் புகுந்தன. 1896-இல் பாஸ்டன் சமையற்பள்ளியின் ஃபேனி ஃபார்மர், கோப்பையையும் கரண்டியையும் கத்தியால் வழித்துச் சமமாக அளக்கும் முறையைத் தம் நூலில் நிலைநாட்டினார். பதிப்பாளர்கள் விற்குமோ விற்காதோ என்று சந்தேகித்து, ஆசிரியையின் செலவிலேயே 3,000 பிரதிகள்தாம் அச்சிட்டார்களாம். அந்தப் புத்தகம் பிறகு லட்சக்கணக்கில் விற்றது.

இனிப் பரிமளத்துக்கு வருவோம். எலுமிச்சை இனங்களின் ஆதிவாசஸ்தலம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரமும் அதை அடுத்த பிரதேசங்களும் என்று தாவர சாஸ்திரிகள் நிர்ணயித்திருக்கிறார்கள். ஐரோப்பியர் கைக்கொண்ட மஞ்சள் எலுமிச்சை, நாரத்தைக்கும் கடாரங்காய்க்கும் உறவான ஒரு பழைய இனம் கசப்பு ஆரஞ்சோடு கலந்து பிறந்தது. அரபியர் வழியாக மத்தியதரைக் கடலோரத்துக்குப் போய், 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் ஆரஞ்சு முதலிய பழங்களின் விதைகளோடு அட்லாண்டிக்கையும் கடந்தது. அதன் வாசனை பெரும்பாலும் மஞ்சள் மேல்தோலில் நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் அடங்கியிருக்கிறது. அதன் அடியில் உள்ள வெள்ளைச் சதை வெறும் கசப்பு. அக்காலத்தில் சர்க்கரை, நீலக் காகிதம் சுற்றிய கூம்பாக வந்தது. அதிலிருந்து இடுக்கியால் உடைத்த கட்டியைப் பழத்தின்மேல் அழுத்தித் தேய்த்தால், சொரசொரப்பான சர்க்கரை எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். வெள்ளைச் சதை பழத்தோடு தங்கிவிடும். அந்தக் கட்டியைப் பொடித்து மாவில் போட்டார்கள். இதைவிட நயமான முறையை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

சர்க்கரை பொடியாக மலிந்து, கூம்பு மறைந்ததும், அந்த நயமும் மறைந்தது. அதன் இடத்தைப் பிடித்தது எசென்ஸ். சிசிலித் தீவின் மெஸ்ஸினாவிலும் பலெர்மோவிலும் எலுமிச்சை விளைச்சல் பெருகி, பெட்டி பெட்டியாக நியூயார்க்குக்கு ஏறுமதியாயிற்று; மிகுந்த பழங்களின் தோலைத் தொழிலாளர் கையால் கடற்பஞ்சில் அழுத்திப் பிழிந்து, கிண்ணத்தில் சொட்டிய எண்ணெயைச் செப்புப் பாத்திரங்களில் அனுப்பினார்கள். அந்த எண்ணெயைச் சாராயத்தில் கரைத்தால் எசென்ஸ். வியாபாரிகளோ எண்ணெயைக் குறைத்து, சாராயத்தில் தண்ணீரைக் கூட்டி, நிலக்கரிச் சாயத்தால் மஞ்சளாக்கி விற்றார்கள். மணம் இருந்தது நிறத்தில்தான். 1906-இல் அமெரிக்கக் காங்கிரஸ் கலப்படத் தடைச் சட்டத்தைச் செய்தபின், 100-க்கு 5 பங்கு எண்ணெய் இல்லாத சரக்கை எலுமிச்சை எசென்ஸ் என்று சொல்லக்கூடாதென்று அரசாங்கம் அளவு வகுத்தது.

அதற்குள் பழமே நேராக வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கிவிட்டது; அதற்கு வழி காட்டியது ஆரஞ்சு. கலிபோர்னியாவின் ரிவர்சைடு ஊரில் குடியேறிய எலைசா டிப்பெட்ஸ் என்னும் மாது, வாஷிங்டனிலிருந்த விவசாய இலாகாவுக்கு எழுதி, பிரேசில் தேசத்துப் பாஹியாவிலிருந்து வந்த விதையில்லா ஆரஞ்சின் நாற்றுகளை 1873-இல் வரவழைத்து நட்டார். அவற்றுள் ஒரு மரம் இன்னும் அவ்வூரில் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. ரயில் பாதை கண்டத்தைக் கடந்தது. ஆனால் பெட்டிகளில் ஏற்றிய பழம் வழியிலேயே பூஞ்சை பிடித்து அழுகிற்று. குளிர் போதாதென்றும் ரயில் தாமதமென்றும் பலர் பலவாறு சொல்ல, ஹாரல்டு பவல் என்னும் அரசாங்க நிபுணர் தோட்டங்களில் பறிப்பவர்களின் கையைக் கவனித்தார். அவசரத்தில் கத்தரியின் முனை பழத்தில் கீறுகிறது, நீளமாக விட்ட காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்துகிறது, அந்தக் காயத்தின் வழியாகவே பூஞ்சை நுழைகிறது என்று காட்டினார். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் அவரையே பின்னர் நிர்வாகியாக்கிக்கொண்டது. அதே சங்கம் 1907-இல் அயோவா மாகாணத்தில் விளம்பரத்தைச் சோதித்துப் பார்த்து, மறு வருஷம் சன்கிஸ்ட் என்னும் முத்திரையை எடுத்தது; பழத்தைச் சுற்றிய காகிதங்களைச் சேர்த்து அனுப்பினால் வெள்ளி முலாம் பூசிய கரண்டி என்றது; 1909-இல் சிசிலி எலுமிச்சையின்மேல் சுங்கவரி உயர்ந்ததும் எலுமிச்சைக்கும் வாய்ப்பாயிற்று. 1916-இல் இந்தச் சங்கம் வெளியிட்ட சமையல் கையேட்டைத் தொகுத்தவர், ஃபேனி ஃபார்மரின் பள்ளியை அவருக்குப்பின் நடத்திய ஆலிஸ் பிராட்லி. விற்பனைத் தந்திரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எலுமிச்சை விருந்துச் சரக்காக இருந்த நிலைமாறி, வாரந்தோறும் வாங்கும் பண்டமானதற்கு அந்தக் கையேடுகளும் ஒரு காரணம்.

இதே காலத்தில் தெற்கு இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கானோர் அமெரிக்காவில் குடியேறினார்கள். எலுமிச்சை அவர்களுக்குப் புதிதன்று, கொல்லைப் பழம். கல்யாணத்துக்கும் ஈஸ்டருக்கும் அவர்கள் செய்யும் ஆஞ்சினெட்டி என்ற உருண்டைக் குக்கி, கேக்கைப்போல் மிருதுவானது. ஆறியபின் மாவுச் சர்க்கரையில் எலுமிச்சைச் சாற்றைக் குழைத்து மேலே பூசுவார்கள். சூட்டிலும் சோடாவிலும் சிக்காமல் புளிப்பைக் காப்பாற்றும் வழி அவர்களுடைய பாட்டிமார் கையில் இருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப்பின் சாற்றைச் சுண்டவைத்து உறையவிட்டு டப்பியில் அடைத்தார்கள். அதையே மாவில் ஊற்றிச் செய்யும் குக்கிகளும் வந்தன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தோலைத் துருவுவதுதான் தொல்லை: துளையடித்த தகரத் துருவியில் பாதி எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், பாதி வெள்ளைச் சதை கூட வரும், சமயத்தில் விரலும் கூட வரும். 1994-இல் கனடாவின் ஆட்டவா நகரில் லொரெய்ன் லீ என்பவர் ஆர்மீனிய முறையில் ஓர் ஆரஞ்சுக் கேக் செய்ய முனைந்து, துருவியோடு போராடி அலுத்து, தச்சுக் கருவிக் கடை வைத்திருந்த கணவரின் சரக்கிலிருந்து ஒரு புது மர அரத்தை எடுத்துப் பழத்தின்மேல் இழுத்தார். தோல் மயிரிழைகளாக உதிர்ந்தது, வெள்ளைச் சதை அப்படியே நின்றது. அர்க்கன்சாஸ் மாகாணத்தில் அந்த அரத்தைச் செய்துகொண்டிருந்த கிரேஸ் சகோதரர்கள், தச்சர்களைக் காட்டிலும் சமையற்காரர்களே தங்கள் வாடிக்கைக்காரர்களாகப் பெருகுவதைப் பிறகு கண்டார்கள்.

இன்று அந்த அரத்தால் சீவிய தோலைச் சர்க்கரையில் இட்டு, சர்க்கரை நனைந்து மஞ்சளாகும்வரை விரல் நுனியால் கசக்கிச் சேர்க்கிறார்கள். கூம்புச் சர்க்கரையைப் பழத்தில் தேய்த்தவர்களும் இதையேதான் செய்தார்கள். மேல்தோல் போன பழம் இரண்டொரு நாளில் வறண்டு கெட்டியாகிவிடும்; ஆகவே அதை அன்றைக்கே பிழிந்து, ஒரு பங்கை மாவிலும் மீதியை மேற்பூச்சிலும் தீர்த்துவிடுகிறார்கள்.