ஒரே குழு, இரண்டு வேட்டைகள்

1956இல் புளோரிடா சட்டமன்றம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யை முடக்குவதே அதன் நோக்கம். உறுப்பினர் பட்டியலைத் தர அமைப்பு மறுத்தது, நீதிமன்றம் ஏறியது. குழுவோ தன்பாலீர்ப்புள்ள ஆசிரியர்கள் பக்கமும் திரும்பியது. தோழர்களே, இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட ஒருவர்மீது பழகிய கை அடுத்தவர்மீது நீண்டது. நமக்கு இது புதிதா என்ன?

ஆசிரியர்களை வழக்கறிஞர் துணையின்றி விசாரித்தார்கள். பலருடைய கற்பித்தல் சான்றிதழ்கள் பறிபோயின. மூன்று ஆசிரியர்கள் வழக்காடினார்கள். 1962இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் நடைமுறை பிழை என்றதே தவிர, உரிமை என்று சொல்லவில்லை. நாடு முழுமைக்குமான வேலைப் பாதுகாப்பு 2020இல்தான், பாஸ்டாக் தீர்ப்பில் வந்தது. அதற்கு அடிப்படையாக நின்றது கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம்.