அரிக்கமேடு வட்டாரத்தில் பெண்களும் நூற்புத் தொழிலும்

புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்பை ஒட்டியுள்ளது அரிக்கமேடு. 1945-ல் அங்கு அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், செங்கல் தொட்டிகள் சிலவற்றைக் கண்டு அவை துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டவை என்று கருதினார். ரோமானிய வணிகத்தோடு தொடர்புடைய இத்துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் அந்தத் தொட்டிகளையும் மதுச்சாடிகளையும் தவறாமல் குறிப்பிடுவர். துணிக்கு நூல் நூற்றவர்களைப் பற்றிய பேச்சு அரிது.

பட்டின் தாயகமான சீனத்தில் நிலைமை வேறு. மஞ்சள் பேரரசரின் மனைவி லெய்சு பட்டுப்புழு வளர்ப்பைத் தொடங்கிவைத்தாள் என்பது அங்குள்ள மரபுக்கதை. புழுவுக்கு முசுக்கட்டை இலை இடுவதும், கூட்டை வெந்நீரில் போட்டு இழை பிரிப்பதும் பெண்கள் வேலை. பட்டுத்தெய்வ வழிபாட்டைப் பேரரசியே நடத்தினார். வரியைத் துணியாகவும் கட்டியதால் அவர்கள் உழைப்பு அரசுக் கணக்கில் ஏறியது.

தமிழகத்தின் இழை பருத்தி. கொட்டை நீக்கி, பஞ்சு கொட்டி, நூலாக்கியவர்கள் பெண்களே. நூற்பவளைப் புறநானூறு பருத்திப் பெண்டு என்கிறது. மலைமேல் தவழும் மேகத்துக்கு, ஆண் துணையற்ற பெண்கள் நூற்ற நுண்ணூலை உவமை சொல்கிறது நற்றிணை. கைம்பெண்களுக்கு நூற்பு வேலை கொடுக்கும்படி அர்த்தசாஸ்திரமும் வகுத்திருக்கிறது. வேறு பிழைப்பு இல்லாதவர்களுக்கு அன்று தக்களியே சோறு போட்டது. கீழடியிலும் சுடுமண் தக்களிகள் கிடைத்துள்ளன.

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியின் நீலத்துணி செனகல் வரை சென்று, அங்கே பிசினுக்கு ஈடாகக் கைமாறியது. ஒரு தறி ஓயாமல் ஓட வேண்டுமானால் பல பெண்கள் நூற்றாக வேண்டும். ஆனால் முன்பணம் தறிக்காரருக்கும் வணிகருக்குமே எழுதப்பட்டது. துணி கட்டுக்கட்டாக எண்ணப்பட்டதே தவிர, நூற்றவள் பெயர் ஏட்டில் ஏறவில்லை. இந்த வரலாற்றின் பெரிய அநீதி இதுதான்.

1820-களின் இறுதியில் புதுச்சேரிக்கு இயந்திர நூற்பாலை வந்தது. ஆலைநூலும் இறக்குமதி நூலும் பரவப் பரவ, வீட்டு நூற்பு படிப்படியாக அற்றுப்போனது. தறி எப்படியோ தாக்குப்பிடித்தது, ராட்டை பிழைக்கவில்லை. உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டை எதிர்கொண்டார்கள். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது.

கைத்தறியில் தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் இன்றும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள்.