அச்சத்தின் ஏறுமுகம்: ராய் ஆர்பிசனின் ‘ரன்னிங் ஸ்கேர்டு’ குறித்து

அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசனின் பாடல்கள் கேட்பவரை ஏன் உருக்குகின்றன என்ற கேள்விக்கு, பெரும்பாலும் அவர் வாழ்க்கையிலிருந்தே விடை எடுத்திருக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி, மேடையில் சிலைபோல் நிற்பது, விபத்தில் இறந்த மனைவி, தீயில் மாண்ட இரு மகன்கள் என எல்லாம் அந்தக் குரலில் ஏற்றப்படுகின்றன. காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. அவருடைய ‘ரன்னிங் ஸ்கேர்டு’ பாடல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது 1961 ஜூனில். கண்ணாடி அவருடைய அடையாளமானது 1963இல், பீட்டில்ஸுடன் பிரிட்டனில் பாடச் சென்றபோது. மனைவி இறந்தது 1966இல்; மகன்கள் 1968இல். இளமையிலேயே தனிமையில் வாடியவர்தானே என்பார்கள். வாடியவர்கள் பலர், இப்படிப் பாடியவர் ஒருவர்தான்.

ஜோ மெல்சனுடன் சேர்ந்து ஆர்பிசன் எழுதிய இப்பாடல் இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் ‘பொலேரோ’வை நினைவூட்டும் தாளம் உண்டு; திரும்ப வரும் பல்லவி கிடையாது. தொடக்கத்தில் கிதாரும் தாழ்ந்த குரலும் மட்டுமே. பிறகு ஒவ்வொன்றாக வாத்தியங்கள் சேரச் சேர, மெட்டும் இறங்காமல் மேலேறுகிறது. காதலியின் பழைய காதலன் திரும்பி வந்துவிடுவானோ என்ற பயம். வந்தேவிடுகிறான், தலை நிமிர்ந்து. அவள் யாரைத் தேர்ந்தாள் என்பது கடைசி வரியில்தான் தெரிகிறது. பாடுபவனோடுதான் போகிறாள். உச்சஸ்தாயியில் அந்தச் செய்தி ஒலித்ததும் பாட்டு முடிந்துவிடுகிறது.

சோகப் பாடகர் என்று அவரைப் படிப்பவர்களுக்கு இந்த முடிவு சங்கடம். விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இதுதான் திறவுகோல் என்பது என் துணிபு. கடைசி வரியை மட்டும் மாற்றி, அவள் பழைய காதலனோடு போய்விட்டாள் என்று எழுதிப் பாருங்கள். இசையில் ஒரு சுரத்தையும் தொட வேண்டியிராது. அப்படியானால் அந்த ஏறுமுகம் சொல்வது துக்கமும் அல்ல, மகிழ்ச்சியும் அல்ல. தீர்ப்புக்குக் காத்திருப்பவனின் பதைப்பு. பதைப்புக்குப் பாட்டு முழுவதும் இடம், ஆறுதலுக்கு ஒரு மூச்சு. வென்றவன் இளைப்பாற ஒரு வாத்திய இசைத்துணுக்குகூட இல்லை.

இப்பாடலின் நாஷ்வில் ஒலிப்பதிவு பற்றித் தயாரிப்பாளர் ஃபிரெட் ஃபாஸ்டர் வழியாக வந்த செய்தியும் இதோடு பொருந்துகிறது. முதலில் ஆர்பிசன் கடைசிச் சுரத்தைக் கள்ளக்குரலில் பாட, வாத்தியங்கள் அதை விழுங்கிவிட்டன. முழுக்குரலில் பாடச் சொன்னதும் எட்டிப் பிடித்தாராம். பின்னாளைய நினைவுகூரல் என்பதால் இதன் விவரங்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இசைத்தட்டில் இருப்பது முழுக்குரல், கேட்டால் போதும். எட்டுமா, உடையுமா என்ற ஐயம் கதைக்கு மட்டுமல்ல, தொண்டைக்கும் பொதுவாகிவிடுகிறது.

ஒரு பாட்டை வைத்து ஒரு பாடகரைத் தீர்மானிக்கலாமா என்று கேட்கலாம். தீர்மானிக்கவில்லை, பிரித்துக் காட்டுகிறேன். 1963இன் ‘இன் ட்ரீம்ஸ்’ பாட்டிலும் பகுதிகள் எதுவும் திரும்ப வருவதில்லை. அதுவும் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் அங்கே விழிப்பும் இழப்பும் முடிவுக்கு முன்பே வந்துவிடுகின்றன. அதற்குப் பின்னான ஏற்றத்தில் எதிர்பார்க்க எதுவும் மிச்சமில்லை; அது முறையீடு. இரண்டையும் ஒரே ‘தனிமைத் துயர’க் கணக்கில் எழுதிவைத்த வாசிப்பு, பாட்டுகளைவிட வாழ்க்கைக் குறிப்பை அதிகம் கேட்டிருக்கிறது.