டைவர் பக்கத்தில் திமிங்கலம் வந்தால்... அது பாசமா, ஆபத்தா?

தார்நாகாவில் இருந்து கடலைப் பார்க்க ஓர் இரவு ரயிலேறணும். விசாகப்பட்டினம், புதுச்சேரி, அந்தமான் என ஸ்கூபா பிளான் போடுறீங்களா? முதலில் இதைத் தெரிஞ்சுக்கங்க.

2017-ல் என்ன நடந்தது?

பசிபிக் கடலின் ரரோடோங்கா தீவு அருகே, நீந்திக்கொண்டிருந்த ஆய்வாளர் நான் ஹவுசரை ஒரு கூனல் முதுகுத் திமிங்கலம் சுமார் 10 நிமிடம் தலையால் தள்ளியது; துடுப்புக்கு அடியில் ஒதுக்கியது. நசுக்கிவிடுமோ என்று அவர் பயந்தார். பிறகுதான் அருகில் ஒரு புலிச்சுறா தெரிந்தது. திமிங்கலம் தன்னைக் காப்பாற்றியதாகவே அவர் நம்புகிறார்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

கூனல் திமிங்கலங்களும் ஓர்காக்களும் மோதிய 115 சம்பவங்களை ராபர்ட் பிட்மேன் குழு தொகுத்தது. பலவற்றில் ஓர்கா குறிவைத்தது சீல் போன்ற வேறு விலங்குகளை. அப்படியும் கூனல் திமிங்கலங்கள் குறுக்கே பாய்ந்தன. குட்டியைக் காக்கும் உள்ளுணர்வு காரணமாக இருக்கலாம். மனிதரைக் காக்கும் எண்ணம் அதற்கு உண்டு என்பது நிரூபணமாகவில்லை.

நம்ம கடலில்?

இங்கே திமிங்கலச் சுறா உண்டு. உலகின் மிகப் பெரிய மீன் இதுதான்; 12 மீட்டரைத் தாண்டியும் வளரும். சாப்பிடுவதோ மிதவை உயிரிகளும் சின்ன மீன்களும். சில நேரம் டைவர்கள் பக்கம் தானாகவே வரும். கடிக்காது, ஆனால் வால் பட்டால் அடி பலமாக இருக்கும். 2001 முதல் இந்தியச் சட்டம் இதைப் பாதுகாக்கிறது.

என்ன செய்யணும்?

தொடாதீங்க, துரத்தாதீங்க, வழியை மறிக்காதீங்க. உடலில் இருந்து 3 மீட்டர், வாலில் இருந்து 4 மீட்டர் தள்ளி இருங்க. அது நட்பாகவே வந்தாலும், பல டன் எடை லேசாக இடித்தாலே நமக்கு ஆபத்து.